பிடித்த வீரர் யார் மகனே?



அஸர் தொழுகைக்குப் பின் கல்முனைக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். "அவன்தான் கெட்டிக்காரன், இவன்தான் கெட்டிக்காரன்" என்று பிள்ளைகள் வீரர்களின் பெயர்களைச் சொல்லி வாதாடுவார்கள். "வேலையற்ற பேச்சு" என்று நாம் அதட்டுகிறோம். அதட்டாமல், "அவரிடம் உனக்குப் பிடித்தது என்ன?" என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்களின் பெயர்களைத் தகப்பனும் மகனும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழ்வார்கள். அதில் நம்மவர்களும் உண்டு. 1967, 1968, 1969 ஆகிய மூன்று ஆண்டுகளும் தன் பல்கலைக்கழகத்துக்குச் சம்பியன் பட்டம் தேடித்தந்த வீரர், இஸ்லாத்தைத் தழுவிக் கரீம் அப்துல் ஜப்பார் ஆனார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஹக்கீம் ஒலாஜுவான், பின்னர் தொழில்முறை வீரரானபோது றமழான் நோன்புடனேயே ஆடினார்.

நம் பெண்மக்களுக்குச் சொல்ல வேண்டிய பெயர் பில்கீஸ் அப்துல் காதிர். பல்கலைக்கழக அணியில் தலையை மூடியே ஆடியவர். 2014இல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போக நினைத்தபோது, சர்வதேசச் சம்மேளனத்தின் விதி தலைமறைப்பைத் தடுத்தது. அவர் முக்காட்டைக் கழற்றவில்லை. விதியை மாற்றக் கோரிக் குரல் கொடுத்தார். 2017இல் விதி மாறியது.

நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியவர்கள். எனவே விளையாட்டை வெறுக்காதீர்கள், தாய்மாரே. பந்து கூடையில் விழுந்ததைப் பிள்ளை தானாகவே நினைவில் வைத்திருக்கும். வீரரின் ஒழுக்கத்தை எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரிகளைத் தருவானாக. ஆமீன்.