தனித்துக் கற்பிக்கும் இணையவழி மொழி ஆசிரியர்களுக்கும் நான்காம் அட்டவணை விலக்கு கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
இணையவழி மொழி ஆசிரியர்கள் சங்கம்.

பெறுநர்
உயர்திரு துறைச் செயலாளர் அவர்கள்,
புது தில்லி.

பொருள்: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 – தனி ஆசிரியர்களுக்கு விலக்கு வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. இச்சட்டத்தின் வரைவு விதிகள் மீது 2025-இல் நாங்கள் அனுப்பிய கருத்துரை.
2. விதிகள் வெளியானபின் அனுப்பிய கடிதமும் நினைவூட்டுகளும்.

ஐயா / அம்மையீர்,

வீட்டிலிருந்தபடி இணையத்தில் தமிழ், இந்தி, பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளைக் கற்பிப்பவர்களின் சங்கம் எங்களுடையது.

பார்வை 1-இல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: தனியாகப் பாடம் நடத்தும் ஆசிரியர் விதிகளின்படி ‘கல்வி நிறுவனம்’ ஆவாரா? பார்வை 2-இலும் அதையே கேட்டோம். கடிதம் கிடைத்தது என்ற ஒப்புகை வந்தது, பதில் வரவில்லை. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளில் எங்களைத் தொடும் பகுதி 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகிறது. எனவே அதே கேள்வியை இம்முறை விரிவாக எழுதுகிறோம்.

சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்வதும் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பிள்ளைகளின் தரவை விளம்பரத்துக்குத் தீனியாக்கும் செயலிகளை அடக்க இப்பிரிவு தேவை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

மொழிப்பாடம் எப்படி நடக்கிறது என்பதைத் துறை பார்க்க வேண்டும். ‘மழை’யை ‘மளை’ என்று சொல்லும் பிள்ளையின் குரலைப் பதிவுசெய்கிறோம். அடுத்த மாதம் மீண்டும் பதிவுசெய்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் நாக்கு எங்கே தடுமாறுகிறது என்பது பிடிபடும். யார் வகுப்புக்கு வரவில்லை, யார் வாசிக்கத் தயங்குகிறார் என்றெல்லாம் குறித்து வைக்கிறோம். எங்கள் பார்வையில் இது கற்பித்தல். சட்டத்தின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால் இது கண்காணிப்பு ஆகிவிடும்.

ஒப்புதலைச் சரிபார்ப்பது இன்னும் கடினம். பெற்றோர்தான், வயது வந்தவர்தான் என்பதற்கு நம்பகமான அடையாள விவரம் வேண்டும், அல்லது டிஜிலாக்கர் போன்ற சேவை வழியே பெறும் மின்குறி வேண்டும். மின்குறியைச் சரிபார்க்கும் தொழில்நுட்ப வசதி ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியைக்கு ஏது? அவர் அடையாள அட்டை நகல்களைக் கேட்டுவாங்கி மடிக்கணினியில் சேர்த்து வைப்பார். இதுவரை எங்களிடம் இல்லாத தரவைச் சட்டமே எங்களிடம் குவிக்கிறது.

இதற்கான தீர்வு விதிகளிலேயே இருக்கிறது. நான்காம் அட்டவணையின் முதற்பகுதி, கல்வி நிறுவனம் தன் கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் செய்யும் கண்காணிப்புக்கு விலக்கு தருகிறது. அதே பகுதி, மருத்துவமனையோடு தனி மருத்துவப் பணியாளரையும் சேர்க்கிறது. மழலையர் காப்பகத்தில் குழந்தைகளைப் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ளும் தனி நபரையும் சேர்க்கிறது. கல்வி என்று வரும்போது மட்டும் ‘நிறுவனம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. காப்பகத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தனி மனிதரை நம்பும் விதி, அதே குழந்தைக்கு எழுத்து சொல்லித்தரும் தனி மனிதரை ஏன் நம்பவில்லை? பார்வை 2-இல் இதே ஒப்பீட்டைத்தான் முன்வைத்தோம். திண்ணைப் பள்ளிகளில் ஒற்றை ஆசிரியரிடம் தலைமுறைகள் எழுத்தறிந்த நாட்டில், ஆசிரியரைக் கணக்கில் எடுக்கக் கட்டடமும் பெயர்ப்பலகையும் தேவையா?

‘கல்வி நிறுவனம்’ என்பது தொழிற்கல்வி உட்படக் கல்வி வழங்கும் கற்றல் நிறுவனத்தைக் குறிக்கும், உள்ளடக்கும் என்கிறது அட்டவணையின் விளக்கம். இச்சொற்களுக்குள் தனி ஆசிரியரும் அடங்குவார் என்று துறை ஒரு சுற்றறிக்கை வெளியிட்டால் போதும். அடங்கமாட்டார் என்றால் 9(4)-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு அட்டவணையில் ஒரு வரி சேர்க்கலாம். தரவைப் பத்திரமாக வைக்கும் கடமையிலிருந்து நாங்கள் விலக்கு கேட்கவில்லை. குரல் பதிவுகளைப் பாடம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்ற நிபந்தனை விதித்தாலும் ஏற்கிறோம்.

மேலும் கோருபவை:

அ) ஒப்புதல் கோரும் அறிவிப்பின் மாதிரியை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் துறையே வெளியிட வேண்டும்.

ஆ) தரவுக் கசிவு குறித்து 72 மணி நேரத்துக்குள் தர வேண்டிய விவர அறிக்கைக்கு எளிய படிவம் வேண்டும்.

இ) பாடம் நடத்தும்போது நூற்பகுதிகளைப் பயன்படுத்த இசைவு தரும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு, பதிவுசெய்த இணைய வகுப்புக்கும் பொருந்துமா என உரிய துறையிடம் விளக்கம் பெற்றுத் தர வேண்டும்.

முதற்கோரிக்கை மீதான முடிவை, அது மறுப்பாகவே இருந்தாலும், காரணத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
செயலாளர்
(சங்கத்துக்காக)