டேப் போதாது

கிரைண்டர் வயர் அறுந்தால் முறுக்கி டேப் சுற்றினால் போதும், முழு வயரையும் மாற்றச் சொல்வது எலக்ட்ரீஷியன் காசு பார்க்கும் வழி என்கிறார்கள். தவறு, ஆபத்தான தவறு.

அந்த வயர் கிடப்பது ஈரத் தரையில். மாவு கழுவிய தண்ணீர் டேப்புக்குள் இறங்கும், பசை இளகும், அதிர்வில் முறுக்கு தளர்ந்து இணைப்பு சூடேறும். அதைவிட மோசம், சிவப்பையும் கறுப்பையும் மட்டும் அதனதன் நிறத்தோடு சேர்த்துவிட்டு, எர்த் வயரான பச்சையை விட்டுவிடுவது. ‘மெஷின் ஓடுகிறதே’ என்பார்கள். ஓடும். உள்ளே மின்கசிவு ஏற்படும் அன்று, எர்த் இல்லாத அந்த இரும்பு உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

எம்.சி.பி. காப்பாற்றும் என்பதும் பொய் நம்பிக்கை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் மின்சாரம் போனால்தான் விழும். இதயத்தை நிறுத்த 0.1 ஆம்பியரே போதும். ஆளைக் காக்க, மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

பிளக் அருகே அறுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, மூன்று வயரையும் இறுக்கிப் புது பிளக் போடுங்கள், வீட்டிலேயே செய்யலாம். நடுவில் அறுந்தால் மூன்று கோர் வயரை முழுதாக மாற்றுங்கள். எதுவானாலும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள்.