திறந்த கதவு - யாருக்கு?

தோழனே!

"எங்கள் ஊரிலே கதவைப் பூட்டும் வழக்கமே இல்லை!"

பிழைப்புக்காகப் பட்டினம் வந்த எவரைக் கேட்டாலும், பெருமூச்சோடு இப்படிச் சொல்லக் கேட்கலாம். தாம்பரத்திலே கேள், சேலையூரிலே கேள், குரோம்பேட்டையிலே, பல்லாவரத்திலே, பெருங்களத்தூரிலே கேள். சொல்லுகிறவர் கையிலே ஒரு சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருக்கும்; சொல்லிலே ஓர் ஏக்கம் ஆடிக்கொண்டிருக்கும். கிராமம் என்றால் திறந்த கதவாம். நகரம் என்றால் பூட்டிய கதவாம். அங்கே வாழ்வது நம்பிக்கையாம். இங்கே ஆள்வது அச்சமாம். கேட்பதற்கு இனிக்கிறது இந்தக் கதை. இனிப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா என்பதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமையிலே உன்னோடு அமர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

1931-ஆம் ஆண்டு, சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போன வழியிலே வாழ்வும் போயிற்று. வயல் வீட்டுமனையாயிற்று. ஏரிக்கரை தெருவாயிற்று. 2021-ஆம் ஆண்டு 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து, 70 வட்டங்களோடு தாம்பரம் மாநகராட்சி எழுந்தது. 2022 தொடக்கத்திலே தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகமும் வந்தது. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை - பெயரைக் கேட்டால் சிற்றூர். வாயிலைப் பார்த்தால் மாநகர்! இரும்புக் கிராதிக்கு ஒரு பூட்டு, மரக் கதவுக்கு ஒரு பூட்டு, உள்ளே பீரோவுக்கு ஒரு பூட்டு. காலையிலே கணவன் ஒரு திசை, மனைவி ஒரு திசை, பிள்ளை பள்ளிக்கூடம். மாலை வரையில் அந்த வீட்டிலே இருப்பது பூட்டு ஒன்றுதான்.

பொங்கல் வரட்டும், தீபாவளி வரட்டும் - 2023 இறுதியிலே திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலே தென்மாவட்டம் நோக்கி மக்கள் வெள்ளம் பெருக்கெடுக்கும். 'வீட்டைப் பூட்டி வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் தகவல் தந்து செல்க' என்று காவல்துறை கேட்டுக்கொள்ளும். பூட்டிய வீட்டின் சாவியை மடியிலே முடிந்துகொண்டு, பூட்டாத வீட்டைத் தேடிப் போகிறான் தமிழன்!

ஆனால், தோழனே, அந்தப் பூட்டாத வீடு உண்மையிலேயே பூட்டாத வீடுதானா?

திண்டுக்கல்லை நினைத்துப் பார். அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு என்று பெயரிட்டு, கையாலே அராவி, ஒன்றின் சாவி மற்றொன்றுக்குப் பொருந்தாதபடி வடித்தெடுத்தனர் அந்தத் தொழிலாளர்கள். சென்னைக்கும் மதுரைக்கும் மட்டுமா போயிற்று அந்தப் பூட்டு? கிராமத்துப் பண்ணையார் வீட்டுக் களஞ்சியத்திலே தொங்கியது. ஊர்க் கோயிலின் கதவிலே தொங்கியது. செட்டிநாட்டுக்குப் போய்ப் பார். கானாடுகாத்தானும் சிற்றூர்தான். அங்கே பர்மாத் தேக்கிலே யானை நுழையும் அளவுக்கு நிலைவாயில். அதைத் திறக்க முழ நீளச் சாவி! பொருள் இருந்த இடத்திலே பூட்டு இருந்தது. பானையிலே பழையசோறும் பரணிலே கந்தலும் தவிர வேறொன்றும் இல்லாத குடிசையிலேதான் படல் திறந்து கிடந்தது. அதை நம்பிக்கை என்று பாடுகிறோம். அதன் பெயர் வறுமை!

திருடு போகக்கூடிய மாடும் கன்றும் இருந்த ஊர்களிலே, பூட்டுக்குப் பதில் காவல் இருந்தது. பாண்டிநாட்டுச் சீமையிலே, அறுவடையில் காவல்காரருக்குப் பங்கு அளந்தார்கள். களவு போனால், மீட்டுத் தருவதோ ஈடு தருவதோ அவர் பொறுப்பு. போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கத் 'துப்புக்கூலி' என்றே ஒரு கட்டணம் இருந்தது. கதவிலே பூட்டு இல்லை. ஆனால், பூட்டின் விலையை நெல்லாக அளந்துகொண்டிருந்தார்கள் ஊரார்!

கடவுள் காவல் போதும் என்பாரும் உண்டு. மராட்டிய மாநிலத்திலே சனி சிங்கணாப்பூர் என்று ஓர் ஊர். திருடினால் சனி பகவான் தண்டிப்பார் என்று, கதவே இல்லாத வீடுகளைக் கட்டி வாழ்ந்தார்கள். 2011-ஆம் ஆண்டு, பூட்டில்லாத வங்கி என்று ஒரு கிளையே அங்கே திறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே அந்த ஊரிலிருந்து காவல்துறைக்குத் திருட்டுப் புகார் போய்விட்டது! சனியின் கண்ணுக்கே தப்பிய கள்வன் போலும்! இருக்கட்டும். அச்சத்தினாலே திறந்திருக்கும் கதவை அன்பின் சின்னம் என்று எப்படி அழைப்பது?

இனிக் கேட்கவேண்டிய கேள்விக்கு வருகிறேன். கிராமத்துக் கதவு திறந்திருந்தது - யாருக்கு?

பெரிய தெருவின் திண்ணை வழிப்போக்கனுக்கு இடம் தந்தது என்பது மெய். எந்த வழிப்போக்கனுக்கு? சேரியிலிருந்து வந்தவன் அந்தத் திண்ணையிலே அமர முடிந்ததா? அந்த நிலைப்படியை மிதிக்க முடிந்ததா? வைக்கத்திலே 1924-ஆம் ஆண்டு போராட்டம் நடந்ததே, எதற்கு? கோயிலுக்குள்ளே போகவா? இல்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நடக்க! தெருவுக்கே கதவு போட்டிருந்தார்கள், தோழனே! தாழ்ப்பாள் கண்ணுக்குத் தெரியாது; தொட்டால்தான் சுடும். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலே அந்தத் தாழ்ப்பாள் கண்ணுக்குத் தெரியும் சுவராகவே எழுந்தது. 2008-ஆம் ஆண்டுதான் அதன் ஒரு பகுதியை இடித்து வழி திறந்தார்கள். வீட்டுக் கதவைப் பூட்டாத ஊர், ஊரையே இரண்டாகப் பூட்டி வைத்திருந்தது!

நகரத்துப் பூட்டு ஒன்றை நான் பாராட்டுவேன். அது சாதி கேட்பதில்லை. சாவி பொருந்தினால் திறக்கும். பொருந்தாவிட்டால் எவருக்கும் திறக்காது. அந்த மட்டிலே அது நேர்மையான இரும்பு. ஆனால், இரும்பு கேட்காததை அதன் உடைமையாளர் கேட்கிறாரே! வாடகைக்கு வீடு தேடி மேற்குத் தாம்பரத்துத் தெருக்களிலே நடந்து பார். 'சைவ உணவினருக்கு மட்டும்' என்ற பலகை உன்னை வரவேற்கும். ஊரைக் கேட்பார்கள், பெயரைக் கேட்பார்கள், பெயருக்குப் பின்னாலே என்ன இருக்கிறது என்று பதமாகக் கேட்பார்கள். கிராமத்தை விட்டு இரயிலேறியவர் பெட்டியோடும் படுக்கையோடும் அந்தப் பழைய தாழ்ப்பாளையும் சுமந்து வந்துவிட்டார்!

பூட்டைவிடக் கொடியது ஐயம். வீட்டிலே பொருள் போயிற்று என்றதும் விரல் யாரை நோக்கி நீளுகிறது? கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்து இளைஞனை நோக்கி; ஊசிமணி விற்கும் நரிக்குறவரை நோக்கி; வீட்டு வேலை செய்யும் ஏழைப் பெண்ணை நோக்கி. சிலம்பு சொல்லும் கதை வேறென்ன? அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அரண்மனைக்கு நன்கு தெரிந்த பொற்கொல்லன். வெட்டுண்டவனோ ஊருக்குப் புதியவனான கோவலன்! மதுரையை எரித்த தீ, அந்த ஐயத்திலேதான் பற்றியது.

காவியத்தோடு முடிந்ததா? வெள்ளையன் 1871-ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்தான். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தையும் பிடித்தது. பிறந்த குழந்தையின் நெற்றியிலே 'திருடன்' என்று எழுதிய சட்டம் அது. பெயரைப் பதியமாட்டோம் என்று 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூர் எதிர்த்து நின்றது, துப்பாக்கி பேசியது. மாண்டவர்களிலே மாயக்காள் என்ற வீரப்பெண்ணும் ஒருத்தி. 1947-ஆம் ஆண்டு அந்தச் சட்டம் சென்னை மாகாணத்திலே ஒழிந்தது. ஐயம் ஒழிந்ததா? 1993-ஆம் ஆண்டு, முதனை என்ற சிற்றூரின் இராசாக்கண்ணு, ஒரு வீட்டு நகை களவு போனதன் பேரிலே பிடித்துச் செல்லப்பட்டார். காவலிலே அடித்துக் கொல்லப்பட்டார். பல்லாண்டு வழக்காடித்தான் அவர் மனைவி நீதி கண்டார். களவு போன நகைக்கு விலை உண்டு. போன உயிருக்கு என்ன விலை, தோழனே? யார் மதிப்பிடுவது?

இன்னொரு வேடிக்கையையும் கேள். மூன்று பூட்டுக்குள்ளே முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். பிள்ளை அயல்நாட்டிலே, வாசலிலே கண்காணிப்புக் கேமரா. தொலைபேசி ஒலிக்கிறது. "காவல்துறை பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்கிறது ஒரு குரல். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. முதியவருக்கு அது தெரியாது. கேட்டறிய அண்டை வீட்டாரின் பழக்கமும் கிடையாது. வாழ்நாள் சேமிப்பு, கதவைத் தொடாமலே கரைந்து போகிறது. 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு என்று சொல்லக்கூட, எதிர்வீட்டில் ஒரு தெரிந்த முகம் இல்லை. கள்வனைத் தடுக்கப் போட்ட பூட்டு, உதவியைத்தான் தடுத்தது!

அப்படியானால் புறநகர் இதயமற்ற ஊரா? அல்ல, அல்லவே அல்ல! 2015 டிசம்பர் முதல் நாள் இரவை மறந்துவிட்டாயா? அடையாறு கரை கடந்தது. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் கீழ்த்தளங்கள் மூழ்கின; தெருவிலே படகு சென்றது. அன்று மாடி வீட்டார் கீழ்வீட்டாரைக் கைதூக்கி ஏற்றினர். பள்ளிக்கூடம் திறந்தது, பள்ளிவாசல் திறந்தது, மாதா கோயில் திறந்தது, மண்டபம் திறந்தது. எந்த உணவினர் என்று அன்று எவரும் கேட்கவில்லை. ஒரே பானைச் சோற்றை ஊரும் பேரும் தெரியாதவர்கள் பகிர்ந்து உண்டனர். வெள்ளம் வடிந்தது, கதவுகள் மறுபடி சாத்திக்கொண்டன. நான் கேட்பதெல்லாம் இதுதான்: கழுத்தளவு தண்ணீர் வந்தால்தான் நமக்குக் கதவு திறக்கத் தெரியுமா?

பூட்டை உடைத்தெறி என்று சொல்லவில்லை. பூட்டு, நன்றாகவே பூட்டு. உழைத்துச் சேர்த்த பொருளைக் காப்பது உன் உரிமை. தெருவிளக்கு எரியவேண்டும், இரவு ரோந்து வரவேண்டும் என்று மாநகராட்சியையும் காவல்துறையையும் தட்டிக் கேட்பதும் உன் உரிமை. ஆனால், பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை அறிந்துகொள். தனித்திருக்கும் முதியவரின் கதவை வாரம் ஒருமுறையேனும் தட்டு. வாடகைக்கு வருபவனிடம் ஒழுக்கத்தைக் கேள், சாதியைக் கேளாதே. சான்றில்லாமல் ஏழையின் மீது விரல் நீட்டாதே.

கதவை அடைப்பது தமிழனுக்குப் புதிதன்று. குறுந்தொகையிலே நன்னாகையார் பாட்டொன்று உண்டு. பலரும் வந்து புகும் பெருமனை, மாலைப் பொழுது, வாயிலை அடைக்கும் நேரம். அடைப்பதற்கு முன்னாலே, உள்ளே வரவேண்டியவர் இன்னும் எவரேனும் இருக்கின்றனரா என்று வெளியே நோக்கிக் குரல் கொடுக்கிறார்கள் காவலர்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்த வீட்டிலும் கதவு இருந்தது, தாழ் இருந்தது. அவற்றோடு அந்தக் குரலும் இருந்தது.

பூட்டுத் திண்டுக்கல்லிலே கிடைக்கும், தோழனே. அந்தக் குரல் உன்னிடமிருந்துதான் எழவேண்டும். இன்றிரவு தாழிடுமுன் ஒருமுறை தெருவை நோக்கு. அங்கே எவரேனும் நிற்கின்றனரா என்று கேள்!