மாற்றுவழி வீண்செலவா?

"ஒரு வேலைக்கு ஒன்று போதாதா? இரண்டு எதற்கு?" என்று சிக்கனம் பேசுவோர் கேட்பதுண்டு. சிக்கனம் நற்பண்பே. ஆயினும் கணினிகளை இணைக்கும் வலையமைப்பில் இக்கேள்விக்கு இடங்கொடுத்தால் என்ன நேரும் என்பதை டோங்கா நாட்டின் துயரம் காட்டுகிறது.

பசிபிக் பெருங்கடலிலுள்ள அத்தீவு நாட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். அவர்களை உலகோடு இணைத்தது, பிஜித் தீவுக்குச் செல்லும் ஒரேயொரு கண்ணாடியிழைக் கடலடி வடம். 2022 ஜனவரி 15ஆம் நாள் கடலடி எரிமலை வெடித்தபோது அது அறுந்தது. அயல்நாடுகளில் இருந்தோர், தம் பெற்றோர் பிழைத்தனரா என்றறியாமல் தவித்தனர். செயற்கைக்கோள் வழியே சிறிதளவு தொடர்பே கிட்டியது. வடத்தைச் சீராக்க ஐந்து வாரங்கள் ஆயின.

அப்படியானால் இரண்டு வடங்கள் இருந்தால் போதுமா? 2008 ஜனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகருக்கு அருகே இரு பெரும் வடங்கள் ஒரே நாளில் பழுதடைந்தன. இந்தியாவிலும் இணையத் தொடர்பு வெகுவாகத் தளர்ந்தது. அருகருகே செல்லும் இரு பாதைகள் எண்ணிக்கையில் இரண்டு, ஆபத்தில் ஒன்றே!

வழிகளைப் பெருக்குவதிலும் ஒரு சிக்கலுண்டு. இணைப்புகள் வளையமாக அமைந்துவிட்டால், செய்திகள் அதற்குள் ஓயாது சுற்றி வலையையே முடக்கிவிடும். அமெரிக்கப் பொறியாளர் ராடியா பெர்ல்மன் அம்மையார் 1985இல் இதற்குத் தீர்வு கண்டார். அவர் வகுத்த முறையில் வலையிலுள்ள கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறி, கூடுதல் இணைப்பை அடைத்து வைக்கும். முதல் இணைப்பு அறுந்ததும் அதைத் தாமே திறந்துவிடும். சும்மா கிடப்பதாகத் தோன்றும் அந்த இணைப்பு, உண்மையில் காவல் காத்து நிற்கிறது!

ஆகவே மருத்துவமனை, வங்கி, இரயில் நிலையம் போன்ற இடங்களில் மாற்று இணைப்பு கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து. அது வேறு தெரு வழியாக, வேறு நிறுவனத்திடமிருந்து வரவேண்டும். அவ்வப்போது முதல் இணைப்பை வேண்டுமென்றே துண்டித்து, மற்றது பணியேற்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும். சோதித்துப் பாராத மாற்றுவழியை நம்புவது எங்ஙனம்?

பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். விவேகமுள்ள ஐவர் விளக்கோடு தனிக் கலங்களில் எண்ணெயும் கொண்டு சென்றனர். மாலையில் அது வீண்சுமையாகத் தோன்றியிருக்கலாம். நள்ளிரவில் மணமகன் வந்தபோதன்றோ அதன் அருமை விளங்கிற்று! வலையமைப்போர்க்கும் அந்த விவேகமே வேண்டும்.