கார்டுக் கட்டணம் யார் தலையில்?

“கார்டு என்றால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதல்” என்று சொல்லி வாங்கும் கடைகள் இன்றும் உண்டு. டெபிட் கார்டுக்கு இப்படி வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவித்தது. 2017 டிசம்பரில் மீண்டும் வலியுறுத்தியது. கிரெடிட் கார்டுக்கும் மெஷின் தரும் வங்கியின் ஒப்பந்தத்தில் பொதுவாக இதே நிபந்தனை இருக்கும். ஆகவே இப்படி வாங்குவதை நாம் நிறுத்திக்கொள்வதே நல்லது. இரண்டு ரூபாய்க்காக வாடிக்கையாளரின் நம்பிக்கையை இழப்பது வியாபாரம் அல்ல.

ஆனால் ஒரு கேள்வி. வாடிக்கையாளரும் தரக்கூடாது, வங்கியும் விடாது என்றால் அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது?

5,000 ரூபாய் பில்லுக்குக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய் போகிறது. அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 ரூபாய். காம்பவுண்டிங் முறையில் வரி கட்டும் சிறு கடைக்காரர் இந்த 18 ரூபாயைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அந்தப் பில்லில் அவருக்கு நிற்பது 300 ரூபாய் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கைவிட்டுப் போகிறது. சோப்பு, பிஸ்கட் போன்ற பாக்கெட் சரக்கில் எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா ஏற்ற முடியாது. அரிசி, பருப்பு போன்ற சில்லறைச் சரக்கில் விலையைச் சற்று ஏற்றினால், கார்டே வைத்திராத கூலித் தொழிலாளியும் ரொக்கம் கொடுத்து அந்தக் கட்டணத்தைச் சுமக்கிறார். இது நியாயமா?

விற்பனை விலை நம் கையில் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு பெட்ரோல் பங்க் உரிமையாளர்களே சாட்சி. 2017 ஜனவரியில் வங்கிகள் 1 சதவீதக் கட்டணம் கேட்டதும், கார்டே வாங்கமாட்டோம் என்று அவர்கள் அறிவித்தார்கள். பிறகு வங்கிகள் அதைத் தள்ளிவைத்தன.

டெபிட் கார்டில் ஓரளவு நியாயம் கிடைத்திருக்கிறது. 2018 ஜனவரி முதல், ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைகளுக்கு மெஷினில் 0.40 சதவீதமும், மற்றவர்களுக்கு 0.90 சதவீதமும் உச்சவரம்பு. 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் வணிகரிடம் கட்டணமே இல்லை. கிரெடிட் கார்டுக்கு மட்டும் இப்படிப்பட்ட உச்சவரம்பு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ல், கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்கை டெபிட்டுக்கு 0.2, கிரெடிட்டுக்கு 0.3 சதவீதம் என்று கட்டுப்படுத்தினார்கள். அதன் பிறகே, 2018 ஜனவரியில், அந்தக் கார்டுகளுக்குக் கூடுதல் வாங்கக்கூடாது என்று கடைக்காரரைத் தடுத்தார்கள். முதலில் வங்கியின் கையைக் கட்டி, பிறகு வணிகரின் கையைக் கட்டுவதே முறை. இங்கே கிரெடிட் கார்டில் நம் கை மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது.

மொத்த வியாபாரத்தில் நிலைமை இன்னும் மோசம். சர்க்கரை மூட்டையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நின்றாலே பெரிது. அதில் இரண்டு ரூபாய் கட்டணம் கொடுப்பது எப்படி?

எனவே வணிகர்கள் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். ஒன்று, டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் தனித்தனி விகிதம் எழுத்தில் கேட்டு வாங்கி, மாதக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். இரண்டு, ஒப்பந்தம் இடம் கொடுத்தால், யு.பி.ஐ.யிலோ வங்கிக் கணக்கிலோ செலுத்துவோருக்குப் பில்லில் தெரியும்படி சிறு கழிவு கொடுங்கள். மூன்று, சிறு வணிகருக்குக் கிரெடிட் கார்டிலும் உச்சவரம்பு வேண்டும் என்று சங்கத்தின் மூலம் ரிசர்வ் வங்கிக்கு மனு அனுப்புவோம்.

கூடுதல் வாங்கும் உரிமையை நாம் கேட்கவில்லை. தடை இருக்கட்டும், அதன் பாரத்தைச் சுமப்பதில் வங்கிக்கும் பங்கு இருக்கட்டும்.