கல்விக் கோயிலும் காணிக்கைத் தட்டும்

கோயில் வாயிலிலே காணிக்கையோடு நிற்பவனைப் பார்த்து நாம் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். கொடுத்த காசு எங்கே போகிறது என்று கேட்டாயா? ஓதப்படும் மந்திரத்துக்குப் பொருள் என்னவென்று அறிந்தாயா? இந்தப் படிக்கு அப்பால் உன்னை ஏன் விடவில்லை என்று எண்ணிப் பார்த்தாயா? மேடைதோறும் கேட்டிருக்கிறோம், ஏடுதோறும் எழுதியிருக்கிறோம். விடை சொல்ல இயலாது விழித்தவர்களை நாடு கண்டிருக்கிறது.

தோழர்களே! அதே மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு, கோடை பிறந்ததும், உங்கள் ஊர்த் தனியார் பள்ளியின் இரும்புக் கதவருகே ஒரு நாள் காலையிலே போய் நில்லுங்கள். வரிசையைப் பாருங்கள். தறி ஓட்டுபவர் நிற்பார், கொத்தனார் நிற்பார், மளிகைக் கடைக்காரர் நிற்பார், அரசு அலுவலர் நிற்பார். நேற்று மாலை நமது கூட்டத்திலே முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிய கறுப்புச் சட்டைத் தோழரும் நிற்பார்! ஆண்டவனையே 'ஆதாரம் காட்டு' என்று அதட்டிய அந்த வாய், 'இவ்வளவு பணம் எதற்கு?' என்று கேட்க அஞ்சி மூடிக் கிடக்கும். கட்டடத்துக்கு ஒரு தொகை, கணினிக்கு ஒரு தொகை, ஆண்டுவிழாவுக்கு ஒரு தொகை. சட்டைத் துணியும் காலணியும் குறிப்பேடும் அவர்கள் காட்டும் கடையிலேதான், அவர்கள் சொல்லும் விலையிலேதான். எண்ணிக் கொடுக்கிறார், கும்பிட்டு வாங்கிக்கொள்வதைப்போல ஒரு துண்டுச் சீட்டை வாங்கிக்கொள்கிறார், அதிலே பாதித் தொகைதான் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்கிறார், மடித்துப் பையிலே போட்டுக்கொண்டு நடக்கிறார்.

கோழையா அவர்? அல்லர். காவல்துறையின் தடியையும் சிறைக் கதவையும் கண்டு கலங்காதவராகக்கூட இருப்பார். ஆனால் இங்கே அவருடைய குழந்தை உள்ளே இருக்கிறது! கேள்வி கேட்டவர் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். குழந்தையோ மறுநாள் காலையிலே அதே வகுப்புக்குள் தனியாக நுழைந்தாக வேண்டும்.

நாம் அறிந்த தகப்பனார் ஒருவர், ஆலைகள் நிறைந்த ஊரொன்றில் சிறிய லேத்துப் பட்டறை நடத்துபவர், செலுத்திய முழுத் தொகைக்கும் ரசீது வேண்டுமென்று பள்ளி அலுவலகத்திலே கேட்டார். உரக்கக்கூடக் கேட்கவில்லை. 'பார்க்கலாம்' என்றார்கள். அடுத்த வாரம் அவருடைய மகள், கட்டணம் பாக்கி வைத்த பிள்ளைகளோடு சேர்த்து, வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்திலே நிறுத்தப்பட்டாள். அவள் பெயரில் பாக்கி ஏதும் இல்லை. மாலையிலே வீட்டுக்கு வந்த அந்தப் பெண், "அப்பா, இனிமே நீங்க ஸ்கூலுக்கு வராதீங்க" என்றாள். பத்து வயதுக் குழந்தை பெற்ற தகப்பனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல்லா அது? அடிப்பது மட்டும்தான் கொடுமை என்று எண்ணுவோருக்குச் சொல்லுகிறோம்: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடலை வருத்துவதையும் உள்ளத்தை வருத்துவதையும் ஒரே பிரிவிலே, 17ஆம் பிரிவிலே வைத்துத் தடுத்திருக்கிறது. தாழ்வாரத்திலே நிறுத்துவோர் அதைப் படிக்காதவர்களா? படித்தவர்கள்தாம். தகப்பன் படிக்கவில்லை என்பதையும் அறிந்தவர்கள்.

முதற் கேள்விக்கு வருவோம். காசு எங்கே போகிறது?

சட்டப்படி பார்த்தால், இந்நாட்டிலே பள்ளிக்கூடம் இலாபத்துக்காக நடத்தப்படும் தொழில் அன்று. டி.எம்.ஏ. பாய் வழக்கிலே, 2002ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, பள்ளியின் வளர்ச்சிக்கென நியாயமான உபரி இருக்கலாம். கொள்ளை இலாபமும் நன்கொடைக் கட்டணமும் கூடா என்று வகுத்தார்கள். அதனாலேதான் இப்பள்ளிகள் அறக்கட்டளைகளின் பெயரால் நடக்கின்றன. அறக்கட்டளையாம்! கட்டளை நன்றாகக் காதில் விழுகிறது; அறத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டிலே 2009ஆம் ஆண்டிலேயே கட்டண வசூலை முறைப்படுத்தத் தனிச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையிலே குழு. ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் இடம், கட்டடம், செலவு ஆகியவற்றைப் பார்த்து மூன்றாண்டுகளுக்குக் கட்டணம் நிர்ணயம். அதற்குமேல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும். மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஏழாண்டுச் சிறை! மாட்டைத் திருடியவன் அஞ்சுகிறான். மாதா மாதம் மிகைக் கட்டணம் வாங்குவோர் அஞ்சவில்லை. ஏன்? சட்டம் நகர வேண்டுமென்றால் ஒரு புகார் வேண்டும். புகாரிலே ஒரு கையெழுத்து வேண்டும். கையெழுத்திடுபவரின் குழந்தை தாழ்வாரத்திலே நிற்க வேண்டும். இதுதான் அவர்களது பாதுகாப்பு.

வாங்கிய பணமெல்லாம் ஆசிரியருக்குப் போகிறதோ என்று எண்ணிவிடாதீர்கள். அதே பள்ளியிலே பாடம் சொல்லித்தரும் ஆசிரியையைத் தனியே அழைத்துக் கேளுங்கள். அவருடைய மாத ஊதியம், தன் குழந்தைக்கு அங்கே கட்டணம் கட்டப் போதுமா என்று கேளுங்கள். சிரிப்பார்; அந்தச் சிரிப்பே விடை.

இனி மந்திரம்.

சேர்க்கை நாளன்று தாயும் தந்தையும் குழந்தையோடு வர வேண்டுமென்று ஓலை வருகிறது. குழந்தைக்கு வயது மூன்றரை. நாற்காலிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் அம்மையார் ஆங்கிலத்திலே கேட்கிறார். குழந்தை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தாயைக் கேட்கிறார், அதுவும் ஆங்கிலத்திலே. என்ன படித்திருக்கிறீர்கள்? வீட்டிலே பாடம் சொல்லித்தர முடியுமா? அந்தத் தாய், பத்து விரலும் தேய உழைத்து, சீட்டுக் கட்டி, நகையை அடகு வைத்து, அந்த அறைக்கு வந்தவள். குறுக்குக் கணக்கிலே கடைக்காரனை மடக்கக்கூடியவள். அங்கே தலை குனிகிறாள். வெளியே வந்து கணவனிடம் சொல்லுகிறாள்: "என்னாலதான் இடம் கிடைக்காமப் போயிடும்போல இருக்கு." புரியாத மொழியைக் கேட்டுத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ளும் இந்த மனநிலையை நாம் வேறு எங்கே பார்த்திருக்கிறோம் என்று நம் இளைஞர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

தேர்வு வைத்துக் குழந்தைகளைப் பொறுக்குவதே குற்றம், தோழர்களே! கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையை மட்டுமன்று, பெற்றோரையும் அவ்வாறு சோதித்துப் பொறுக்கக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை தண்டம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப்போல் பத்து மடங்கு வரை. இச்சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடப்பிலே இருக்கிறது. ஆனால் தண்டம் கட்டுவது யார்? தமிழிலே பேசிவிட்ட மாணவன் கட்டுகிறான்! தமிழ் கற்றலைக் கட்டாயமாக்கி 2006இலே சட்டம் கண்ட நாட்டிலே, விளையாட்டு நேரத்தில் தாய்மொழியிலே கூவியதற்காகக் குழந்தையின் கையிலே தண்டச் சீட்டு! ஆங்கிலம் வேண்டாம் என்பதா நம் பேச்சு? ஒருபோதும் அன்று. உலகைக் காணும் சாளரமாக அம்மொழி நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று வாதாடியவர்கள் நாம். கற்றுக்கொடுங்கள் என்கிறோம், காட்டி மிரட்டாதீர்கள் என்கிறோம்.

மந்திரம் உண்டென்றால் அற்புதம் இல்லாமலா? 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று பேருந்து நிலையம் முழுதும் பதாகை தொங்குகிறதே, அதுதான் அற்புதம். அதன் திரைமறைவைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். பார்க்க வேண்டிய இடம் இது.

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று சட்டம் காவல் நிற்கிறது. பொதுத்தேர்வு வருவது பத்தாம் வகுப்பிலே. காவல் முடிந்து, தேர்வு தொடங்குவதற்கு முன் இருக்கும் ஒரே ஓராண்டு, ஒன்பதாம் வகுப்பு. அந்த ஆண்டுதான் களையெடுப்புக் காலம்! தலைமையாசிரியர் தந்தையை அழைக்கிறார். குரலிலே தேன் ஒழுகுகிறது. "உங்கள் பையன் நல்ல பையன். ஆனால் இங்கே கொஞ்சம் கடினம். வேறு பள்ளியிலே சேர்த்தால் நன்றாக வருவான்." மழலை வகுப்பு முதல் பதினோராண்டு கட்டணம் வாங்கியபோது கடினமாகத் தோன்றாத பையன், பதாகைக்குக் கறையாகிவிடுவான் என்றதும் கடினமாகிவிட்டான். அவன் வெளியே போகிறான். எங்கே? அரசுப் பள்ளிக்கு. அவனைச் சேர்த்துக்கொண்டு, தட்டிக்கொடுத்து, கரையேற்றப் பாடுபடும் அந்தப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டி, 'பார்த்தீர்களா அரசுப் பள்ளியின் நிலையை!' என்று இவர்களே ஏளனம் பேசுகிறார்கள். நோயாளியை வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, எங்கள் மருத்துவமனையிலே சாவே இல்லை என்று பறைசாற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

உள்ளே தங்கிவிட்டவன் தப்பினானா? அதுவுமில்லை. விடுதிப் பள்ளிகள் பலவற்றிலே பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போட வைத்தார்கள். விடியலுக்கு முன் எழுப்பி, இரவு வெகுநேரம் வரை தேர்வு, தேர்வு, தேர்வு. இக்கேடு ஊரறிந்த உண்மையான பின்னரே 2017-18இலே பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர நேர்ந்தது; முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதும் 2017இலே நிறுத்தப்பட்டது. விளம்பரத்திலே பிள்ளைகளின் முகத்தை அச்சிட்டு வந்தவர்களுக்கு அன்று வந்த துக்கத்தைப் பார்க்கவேண்டுமே!

மூன்றாவது கேள்வி: படிக்கு அப்பால் ஏன் விடவில்லை? பெற்றோர் கதவோடு நிற்க வேண்டும். குறித்த நாளிலே, குறித்த நேரத்திலே, குறித்த நாற்காலி வரை வரலாம். வகுப்பறை எப்படி இருக்கிறது, கழிப்பிடத்திலே தண்ணீர் வருகிறதா, மாடியிலிருந்து இறங்க எத்தனை வழி என்று பார்த்தல் ஆகாது. ஒழுங்கு என்கிறார்கள் இதை. 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்திலே, ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகளை அடைத்து நடத்திய இடத்திலே, சமையற்கூடத்துத் தீ கூரைக்குப் பாய்ந்தபோது, 94 குழந்தைகள் வெந்து மாண்டார்கள். ஏறவும் இறங்கவும் குறுகிய படிக்கட்டு. மேலே கீற்றுக் கூரை. தீர்ப்பு வர 2014 ஆயிற்று. அந்தக் கூரையை அதிகாரிகள் பார்க்கவில்லையா? அங்கீகாரம் தந்த பேனாவுக்குக் கண் இல்லையா? அந்த 94 பேரின் பெற்றோர் இந்நாட்டிலே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் நாட்டிலே, பெற்றோர் பள்ளிக்குள் வந்து பார்ப்பது ஒழுங்குக்கேடு என்று எவரும் சொல்லத் துணியக் கூடாது.

இவ்வளவும் கேட்டால் பள்ளி நடத்துவோர் கூறும் பதில் ஒன்று உண்டு: 'பிடிக்கவில்லையா, பிள்ளையை அழைத்துக்கொண்டு போ!' சரி, போகிறேன் என்று எழுந்தால், மாற்றுச் சான்றிதழைத் தரமாட்டார்கள். பாக்கியைக் கட்டு என்பார்கள். கட்ட இயலாதவனின் சான்றிதழிலே 'கட்டணம் பாக்கி' என்று எழுதி, குழந்தையின் நெற்றியிலே சூடு போட்டு அனுப்புவார்கள். 2024 சூலையிலே சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு முடிவு கூறியது. மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அன்று, அதிலே பாக்கியைக் குறிக்கலாகாது, அப்படிக் குறிப்பது குழந்தையின் உள்ளத்தை வருத்துவதே என்று இரு நீதிபதிகள் உரைத்தார்கள். பெருந்தொற்றுக் காலத்திலும், 2020இலே, அதே நீதிமன்றம் தலையிட்டு, முதற்கட்டமாக 40 விழுக்காடு கட்டணமே வாங்கலாம் என்று சொல்லவேண்டியிருந்தது. பள்ளியே திறக்காத நாளிலும் தட்டு நீண்டது!

அவர்களுக்கும் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்ட 25 விழுக்காடு இடங்களுக்கு அரசு தரவேண்டிய பணம் காலத்தில் வருவதில்லை. 2025ஆம் ஆண்டிலே ஒன்றிய அரசு நிதியை நிறுத்தி வைத்தது. பள்ளி திறந்து மாதங்கள் கடந்த பின்னரே அந்தச் சேர்க்கை நடந்தது. அதற்காக ஒன்றிய அரசோடு வாதாடட்டும். நாமும் உடன் வருகிறோம். ஆனால் தில்லி தராத பணத்துக்கு நமது ஊர்க் கொத்தனாரின் மடியிலே கை வைப்பது எந்த நியாயம்?

1953இலே, பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தபோது, இந்நாடு கொதித்தெழுந்தது. அடுத்த ஆண்டே அத்திட்டம் குப்பைக்குப் போயிற்று. அன்று கதவை அடைத்தவன் கண்ணுக்குத் தெரிந்தான். இன்று கதவு திறந்தே இருக்கிறது. விலைச்சீட்டு மட்டும் தொங்குகிறது. அதனாலே கோபம் வர மறுக்கிறது.

இளைஞர்கள் செய்யக்கூடியது என்ன? உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் எவ்வளவு என்பதைக் கட்டணக் குழுவின் ஆணையிலிருந்து எடுத்து, பெரிய எழுத்திலே எழுதி, படிப்பகத்தின் பலகையிலே ஒட்டுங்கள். பெற்றோர் ஒவ்வொருவரும் கட்டிய தொகையை அதன் அருகே குறித்துக்கொள்ளட்டும். வேறுபாடு தெரிந்ததும் தனியாக ஒருவரை அனுப்பாதீர்கள். தாழ்வாரத்திலே நிற்கப்போவது அவருடைய குழந்தை. இருபது பேரைச் சேருங்கள். ஒரே மனு, கட்டணக் குழுவுக்கு ஒரு படி, மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு படி. கையெழுத்துகளை மேலிருந்து கீழாக வாங்க வேண்டாம், வட்டமாக வாங்குங்கள். முதலிலே கையெழுத்திட்டவர் எவருடைய தகப்பன் என்று அலுவலகத்திலே எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.