மனைத் தரகுக்குப் போகும் தம்பிகளுக்கு

கூடுவாஞ்சேரியில் தொடங்கி மதுராந்தகம் தாண்டியும் ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் வயல்கள் கல் நட்ட மனைகளாகிக் கொண்டிருக்கின்றன. மகேந்திரா சிட்டி வந்தது, ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தன, 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள். ஒவ்வொன்று வரும்போதும் நம் காலனிகளிலிருந்து சில பேர் 'ரியல் எஸ்டேட் பண்றேன்' என்று கிளம்புகிறார்கள். டிப்ளமோ முடித்துக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து அலுத்துப்போன தம்பிகள், கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள், காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிய அப்பனுக்கு ஒரு சென்ட்கூடச் சொந்தமில்லாத வீட்டுப் பிள்ளைகள். ஒரு பைக்கும் ஒரு செல்போனும் போதும் என்று நம்பி இறங்குகிறார்கள்.

'புரோக்கர்' என்பதை வசவாகவே சொல்லிப் பழகியவர்கள் நம்மிலும் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. நிலக் கணக்கு காலங்காலமாக யார் கையில் இருந்தது? கணக்கு எழுதியவர் ஊர்த்தெருக்காரர், பத்திரம் எழுதியவர் ஊர்த்தெருக்காரர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் ஊர்த்தெருக்காரர். ஆனால் எல்லைத் தகராறு என்று வந்தால் இன்ன இடம்தான் எல்லை என்று நடந்து காட்ட நம் முன்னோரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்து நூல்களிலேயே இதற்குப் பதிவு இருக்கிறது. நிலத்தை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள், அதன் காகிதத்தை மட்டும் தொட முடியாமல் வைக்கப்பட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை இன்று வில்லங்கச் சான்றிதழை விரித்து வைத்துப் பேசுகிறான் என்றால் அது நல்ல சேதிதான்.

ஆனால் அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு நிலம் முடிகிறது. வழக்கத்தில் உள்ள 2 சதவீதக் கமிஷன் என்றால் 80 ஆயிரம். நிலத்தை முதலில் காட்டியவன் நம் தம்பி. பார்ட்டியைக் கொண்டு வந்தவர் ஒருவர், அவரை அறிமுகம் செய்தவர் ஒருவர், ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருப்பவர் ஒருவர். பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் தம்பிக்குக் கிடைப்பது பெட்ரோல் காசும் பிரியாணியும், மிஞ்சினால் ஐந்தாயிரமும். கேட்டால், 'உன் பேர் எங்கேயாவது இருக்கா? நீ சொல்லித்தான் நாங்க வந்தோம்னு எழுதியிருக்கா?' என்பார்கள். எழுதியிருக்காது. அட்வான்ஸ் போடும் முன்பே கமிஷன் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இல்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற தயக்கம். நான்கு தலைமுறைக் கூலிப் பயம் அது. கூலியைக் கேட்டு வாங்கக் கற்றுக்கொடுத்த இயக்கத்தின் பிள்ளைகள் கமிஷனைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

இதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்று இருக்கிறது. காலனியை ஒட்டிய நிலத்தை வாங்க வருகிறவருக்கு உள்ளே நுழைய ஒரு முகம் தேவைப்படுகிறது. 'நம்ம பையன் சொல்றான்' என்று ஆயா கைநாட்டு வைக்க வேண்டும், தாத்தா பவர் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் நம் தம்பியைப் பங்காளி என்று தோளில் கை போட்டு அழைத்துப் போகிறார்கள். அப்படிக் கைமாறும் நிலங்களில் பஞ்சமி நிலமும் இருக்கிறது.

மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்கீர், பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்பதை அது எடுத்துக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த ஆணையின்படி சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் நிலம் இதுதான். முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. பட்டாவிலும் பதிவேட்டிலும் 'டி.சி.' என்று குறித்தார்கள். அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஒவ்வொரு ஊருக்கும் தெரியும். அதை மீட்கக் கேட்டதற்காக, காரணை நிலப் போராட்டத்தை ஒட்டி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். அவர்கள் செத்த ஊரில் நின்றுகொண்டு அதே வகை நிலத்துக்கு நம் பிள்ளை தரகு வாங்குவதை எப்படிச் சகிப்பது?

உணர்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தொழில் கணக்காகவும் பார்க்கலாம். நிபந்தனையை மீறி நடந்த விற்பனை செல்லாது என்பதை நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அரசு நினைத்தால் அந்த நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய நிலத்தைப் பிற சாதியார் முறைகேடாக அனுபவிப்பதும் பறிப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் குற்றம். பயமுறுத்தி வாங்கிய சம்மதமும், போலி ஆவணம் செய்து வாங்கியதும் முறைகேடுதான் என்று 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் விளக்குகிறது. அப்படிப்பட்ட மனையை ஒருவர் தலையில் கட்டிய தரகர் எத்தனை வருஷம் அந்தச் சாலையில் தலைநிமிர்ந்து போக முடியும்?

2016 செப்டம்பர் 9 ஞாபகம் இருக்கிறதா? அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. மாதத் தவணையில் மனை விற்ற எத்தனையோ பேர் அன்றோடு போனை அணைத்துவிட்டார்கள். சிக்கியவர்கள் உள்ளூர்த் தரகர்கள். சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அவர்கள்தானே மனை காட்டினார்கள்! பிறகு 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து ஓரளவு மூச்சு விட முடிந்தது. ஆனால் போன பேர் திரும்பவில்லை. அந்தக் காலத்திலும் டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன் என்று பிடிவாதமாக இருந்த சிலர் இன்றும் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் சம்பாதித்தவர்கள் இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் அண்ணனுக்கு மனை முடித்தவர்கள், பத்து வருஷம் கழித்துத் தம்பிக்கும் முடிக்கிறார்கள். நிலைத்த தொழில் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆகவே காகிதம் படிக்கக் கற்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழில் ஒன்றுமில்லை, நிலம் சுத்தம் என்று சொல்லிவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றிதழ் பத்திரப்பதிவான விவரத்தை மட்டுமே காட்டும். பஞ்சமி ஒதுக்கீடு வருவாய்த் துறை ஆணையில் நடந்தது. அது அதில் வராது. பட்டா, சிட்டா பார்த்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆர்.இல், பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது பல இடங்களில் 'டி.சி.' என்ற குறிப்பு விடுபட்டுப்போனது. விடுபட வைக்கப்பட்டது என்று சொல்பவர்களும் உண்டு, நாமும் அந்தக் கட்சி. ஆனால் யு.டி.ஆர். 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு ஒரு கலம் இருக்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கு முந்தைய 'அ' பதிவேட்டைத் தேட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நகல் கேட்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கையோடு புலப்படத்தையும் எடுத்து நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும். ஒரு புல எண்ணுக்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்காதீர்கள். இந்த அலைச்சலைச் செய்யத் தெரிந்தவன்தான் தரகன். மற்றவன் வழிகாட்டி. வழி காட்ட இப்போது கூகுள் இருக்கிறது.

அடுத்தது பதிவு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளையும் 8 வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடித் திட்டங்களையும் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அவற்றை விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். விவசாய நிலமோ பழைய வீடோ கைமாறுவதற்கு இந்தப் பதிவு தேவைப்படாது என்பதால் நம் பிள்ளைகள் இதைக் கண்டுகொள்வதில்லை. கட்டணமும் தயங்க வைக்கிறது. ஆனால் பதிவு செய்த முகவருக்கு ஓர் எண் தருகிறார்கள். அவர் முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டத்தின் 9ஆவது பிரிவு. 'உன் பேர் எங்கேயாவது இருக்கா?' என்ற கேள்விக்கு அதுதான் பதில். தனியாகக் கட்ட முடியாதவர்கள் நாலு பேர் கூட்டாக ஒரு நிறுவனமாகப் பதிவு செய்யலாம். கோயில் கூழ் ஊற்றுவதற்கு வசூல் பண்ணுகிறவர்களுக்கு இது முடியாததா?

எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி வரும். 'பார்ட்டி எந்த ஆளுங்க?' லே-அவுட் போட்டவர் எழுத்தில் எதையும் வைக்க மாட்டார். 'முன்வரிசையில கொஞ்சம் பாத்துக் குடுப்பா' என்று வாயால் சொல்வார். வாடகை வீட்டுக்காரர் 'சைவமா?' என்று கேட்பார். அந்தக் கேள்வியைச் சுமந்து போய், நம் சனத்திடமே கேட்டு, நம் சனத்தையே திருப்பி அனுப்பும் வேலை தரகனுக்கு வருகிறது. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தபோது தங்க இடம் கிடைக்காமல், ஒரு பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கி, கண்டுபிடிக்கப்பட்டு, தடியோடு வந்த கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். நூறு வருஷம் தாண்டிவிட்டது. தடிக்குப் பதில் இப்போது தரகனின் போன்.

நம் தரகர்கள் சிலர் இதைச் சமாளிக்க விசிட்டிங் கார்டில் ஊர்ப் பெயரையே போடுவதில்லை. காலனிப் பெயர் தெரிந்தால் பார்ட்டி விலகிவிடும் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை, வயிறு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை வாங்கி அப்படியே கடத்த வேண்டாம் என்று கேட்கிறோம். வாங்குகிறவரின் வங்கிக் கடன் ஒப்புதல் கடிதத்தை முதலில் மேசையில் வையுங்கள். 'பணம் தயார், பதிவு எந்தத் தேதி வைக்கலாம்?' என்று பேச்சைத் தொடங்குங்கள். சாதி கேட்டவரில் சிலர் அந்த இடத்தில் வாய் மூடிக்கொள்வார்கள். மூடாதவரின் மனை நம் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. நம் பட்டியலில் இருக்க வேண்டிய வேறு வேலை நிறைய இருக்கிறது.

தாட்கோவின் நன்னிலம் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் விலக்கு. நிலத்தைப் பட்டியல் சாதி அல்லாதவரிடமிருந்து வாங்க வேண்டும் என்பது தாட்கோ நிலத் திட்டங்களின் விதி. நம் கையில் இருப்பதே கைமாறாமல், புதிதாக நிலம் வந்து சேர வேண்டும் என்பதற்காக. பயனாளி அக்காவுக்கு எங்கே நிலம் இருக்கிறது என்று தெரியாது. விற்க நினைக்கும் ஊர்க்காரர் காலனிப் பெண்ணுக்கு விற்கத் தயங்குவார். விலை பேசி, மூலப் பத்திரம் சரிபார்த்து, இரண்டு பேரையும் ஒரே நாளில் சார்பதிவாளர் முன் நிறுத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாமல் எத்தனையோ மனுக்கள் கட்டிலேயே கிடக்கும். கமிஷன் சிறியதுதான். ஆனால் ஒரு காலனியில் மூன்று பெண்களுக்கு இப்படி நிலம் முடித்துக்கொடுத்தவனை அந்தக் காலனி விடாது. மகள் வீட்டு மனைக்கும் அவனைத்தான் கூப்பிடும்.

வருகிற ஜமாபந்திக்குக் கல்லூரித் தம்பி தங்கைகள் வட்டாட்சியர் அலுவலகம் போய்ப் பாருங்கள். ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் நடக்கிறது. ஊர்க் கணக்குகள் எல்லாம் அன்று மேசைக்கு வரும், யாரும் மனு கொடுக்கலாம். உங்கள் ஊரின் பழைய புல எண்களில் ஐந்தை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். அதற்குரிய பழைய 'அ' பதிவேட்டின் நகல் வேண்டும் என்று மனு எழுதி, வாங்கியதற்கு ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். தரகுக்குப் போன அண்ணன் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.